வாழைப்பழம் சாப்பிட்டீங்களா?

நாலு வருஷமாக வயிற்றுப்போக்கு. டொராண்டோவில் ஐபிஎஸ் (குடல் எரிச்சல் நோய்) என்றார்கள், மன அழுத்தம் என்றார்கள். பாலை நிறுத்து, கோதுமையை நிறுத்து என்றார்கள். நிறுத்தினேன், வயிறுதான் நிறுத்தவில்லை.

மாசியில் அக்கா பேரன் காதுகுத்துக்குக் கும்பகோணம் போனேன். பந்தியில் முகம் குப்பென்று சிவந்தது. "என்னடா தம்பி, மூஞ்சி செம்பருத்தி மாதிரி இருக்கு?" என்று பதறிய அக்கா, மறுநாளே திருச்சிக்கு இழுத்துப்போனாள்.

குடல் மருத்துவர் இரண்டே கேள்வி கேட்டார். ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா? முகம் சிவக்கும்போது வியர்க்கிறதா? எழுப்பும், வியர்க்காது. ஐபிஎஸ் பெரும்பாலும் தூங்குகிறவனை எழுப்பாது என்றார். வியர்க்காமல் முகம் சிவந்தால் நியூரோஎண்டோகிரைன் கட்டியாகவும் இருக்கலாமாம்; ஹார்மோன் சுரக்கும் செல்களில் வரும் கட்டி அது. செரோட்டோனின் என்ற ஹார்மோனைச் சுரந்து குடலை விரட்டும். 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்து 5-ஹெச்ஐஏஏ, அதாவது செரோட்டோனின் சிதைந்து வெளியேறும் பொருளின் அளவு பார்க்கச் சொன்னார்.

பரிசோதனைக்கூடத்துப் பையன் வீட்டுக்கே வந்து கேன் கொடுத்தான். அடியில் அமிலம் இருக்கு, கையில் படக்கூடாது. காலையில் முதல் தடவை போவதை விட்டுவிட்டு அடுத்ததிலிருந்து பிடிக்கணும். பொறுமையாகத்தான் சொன்னான். சாப்பாட்டைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

அளவு எகிறியிருந்தது. "வாழைப்பழம் சாப்பிட்டீங்களா?" என்றார் மருத்துவர். ஊருக்கு வந்தவன் சாப்பிடாமல் இருப்பானா? போன வீட்டிலெல்லாம் பழத்தட்டு. வாழை, அன்னாசி, தக்காளி, வால்நட் எல்லாமே இந்த அளவை ஏற்றிவிடுமாம். அப்புறம் மூன்று நாள் அக்கா தக்காளியில்லாத மிளகு ரசம் வைத்தாள். மறுபடி கேன், மறுபடி பணம். ஒரு துண்டுச்சீட்டில் அச்சடித்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? இந்தத் தடவையும் அளவு அதிகம்தான்.

சென்னையில் டோட்டாடேட் பெட் ஸ்கேன், இந்த வகைக் கட்டி எங்கே இருக்கிறது என்று காட்டுவது. அதற்கு ஊசியில் போடும் கதிரியக்கப் பொருளான காலியம்-68, 68 நிமிடத்தில் பாதியாகிவிடும்; அதனால் ஐந்து பேரைச் சேர்த்து வரச்சொல்லியிருந்தார்கள். ஒருவர் தாமதமாக வந்ததற்கு வரவேற்பில் நடந்த சண்டையை நான் ரசித்தேன் என்றே சொல்லணும். ஊசி போட்டு ஒரு மணி நேரம் காத்திருப்பு. சிறுகுடலின் கடைசியில் ஒன்று, கல்லீரலில் இரண்டு. பயாப்சியில் மெதுவாக வளரும் வகை (கிரேடு 1) என்று வந்தது. ஊர் வந்த மூன்றாவது வாரமே பெயர் தெரிந்துவிட்டது.

இப்போது 28 நாளுக்கு ஒருமுறை, கட்டி ஹார்மோன் சுரப்பதை அடக்கும் ஆக்ட்ரியோடைட் ஊசி. முதல் ஊசி திருச்சியில், மற்றதெல்லாம் இங்கே டொராண்டோவில். ஸ்கேனைச் சிடியில் கொடுத்தனுப்பினார்கள். இங்கே அதைப் போட்டுப் பார்க்கிற கணினியைத் தேடி நர்ஸ் மூன்று மாடி ஏறி இறங்கினார்.