மடிநோய்க்குக் கற்றாழை மருந்து: ஐந்து நாள் பூசிய அனுபவம்

எங்கள் செவலைப் பசு கன்று ஈன்று நாற்பதாம் நாள் விடியற்காலை, பின்னங்காம்பு ஒன்றில் முதல் பீய்ச்சே தயிர்த் துணுக்காக விழுந்தது. மடியின் அந்தப் பக்கம் கல் மாதிரி இறுகி, தொட்டாலே காலை உதறியது. காய்ச்சல் இல்லை, தீவனமும் எடுத்தது.

உசிலம்பட்டிப் பக்கம் மடிநோய் என்றாலே காம்புக்குள் ட்யூப் ஏற்றுவதுதான் பழக்கம். அது ஆன்டிபயாட்டிக். ஏற்றினால் அட்டையில் போட்டிருக்கும் நாள் முடியும்வரை பாலைச் சங்கத்தில் ஊற்றக் கூடாது. போன ஈற்றில் அப்படிக் குடம் குடமாகக் குப்பைக்குழியில் கொட்டினேன். அந்த வயிற்றெரிச்சலில்தான் இந்த முறை கால்நடை மருந்தக டாக்டரிடம் வேறு வழி கேட்டேன். மடியைச் சோதித்துவிட்டு இந்த மருந்தை எழுதிக் கொடுத்தார். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் சொல்லித்தருவது. தேசிய பால்வள வாரியமும் பரப்பிவருகிறது.

சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு 15 கிராம். கற்றாழையை முள் சீவி, தோலோடு நறுக்கி, மற்ற இரண்டையும் சேர்த்து மிக்சியில் அரைத்தால் மஞ்சள் நிறம் கண்ணெதிரே செங்கல் சிவப்பாக மாறும். மடியைக் கழுவி, கெட்ட பாலை முழுக்கப் பீய்ச்சி எடுத்துவிட்டு, ஒரு கைப்பிடி விழுதைத் தண்ணீரில் கரைத்து மடி முழுவதும் பூச வேண்டும். ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பத்துத் தடவை, ஐந்து நாள். தினமும் புதிதாக அரைக்க வேண்டும். கூடவே இரண்டு எலுமிச்சம்பழத்தை நறுக்கித் தின்னக் கொடுக்கச் சொன்னார்.

செலவு அற்பம். கற்றாழை வரப்பிலேயே கிடக்கிறது. விரலி மஞ்சளை மதுரை கீழமாசி வீதியில் வாங்கி மில்லில் அரைத்துக்கொண்டேன். உழைப்புதான் கொஞ்சநஞ்சமில்லை. பத்துத் தடவை என்பதை எழுதிவிடலாம். களையெடுப்புக் காலத்தில் ஓடி ஓடிப் பூசுவது வேறு. பகலில் மாமியார் பார்த்துக்கொண்டதால்தான் முடிந்தது.

இரண்டாம் நாள் வரை மாற்றமே தெரியவில்லை. நான் பயந்தது உண்மை. மூன்றாம் நாள் மாலை வீக்கம் தளர்ந்து மடியில் விரல் பதிந்தது. ஐந்தாம் நாள் துணுக்கு நின்றது. அந்தக் காம்பில் மட்டும் பால் இன்னும் பழைய அளவுக்கு வரவில்லை.

கடையில் விற்கும் கற்றாழைப் பொடிப் பொட்டலத்தை முதல் நாள் அவசரத்துக்கு வாங்கிக் கரைத்துப் பார்த்தேன். மடியில் ஒட்டவே இல்லை, பொடிப்பொடியாக உதிர்ந்தது. அந்தக் காசு வீண். பச்சைக் கற்றாழையின் கொழகொழப்பு அதில் எங்கே இருக்கிறது?

மாடு தீவனம் எடுக்காமல் படுத்துவிட்டாலோ, காய்ச்சல் அடித்தாலோ, பால் தண்ணீராக வந்தாலோ இதை நம்பிக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

இப்போது கறந்ததும் புல் போட்டு அரை மணி நேரம் செவலையைப் படுக்கவிடுவதில்லை. காம்புத் துளை மூடும்வரை அது நிற்க வேண்டும். தொழுவத்துக்குப் பின்னால் இன்னும் பத்துக் கற்றாழை நட்டிருக்கிறேன்.