விட்மனா டோர்சியா? ஆளுக்கு ஒரு கேஸ்ல பேர் வாங்கி கவர்னர் ஆன ரெண்டு அமெரிக்க அரசு வக்கீலுங்க

நியூயார்க் விட்மன், 1912ல சூதாட்ட கிளப் ஓனர் ரோசந்தாலை சுட்டுக் கொன்ன கேஸ்ல போலீஸ் லெஃப்டினன்ட் பெக்கரையே உள்ள தள்ளி பேர் வாங்குனவரு. 1915ல பெக்கர் பொண்டாட்டி உயிர்ப்பிச்சை கேட்டு கவர்னர்கிட்ட போனா, அங்க உக்காந்திருக்கறது யாரு, அதே விட்மன்! கரண்ட் சேர்தான்.

ஜார்ஜியா டோர்சி கதை இன்னும் கசப்பு. ஃபேக்டரில வேலை பார்த்த சிறுமியைக் கொன்னதா குற்றம் சாட்டப்பட்ட மேனேஜர் லியோ ஃபிராங்குக்கு 1913ல தூக்கு வாங்கிக் குடுத்தாரு, 1915ல கவர்னர் ஸ்லேட்டன் அதை ஆயுளா குறைச்சதும் ஒரு கும்பல் ஜெயில்ல இருந்து ஃபிராங்கை கடத்திட்டு போயி மரியெட்டா பக்கத்துல மரத்துல தொங்க விட்டுச்சு, மறு வருஷமே டோர்சி எலெக்‌ஷன்ல ஜெயிச்சாச்சு. ஆனா 1921ல பதவியை விட்டுப் போறப்போ கறுப்பின மக்கள் மேல நடந்த 135 கொடுமைகளை அவரே லிஸ்ட் போட்டு வெளியிட்டாரு பாருங்க, விட்மன்கிட்ட எனக்கு அப்படி எதுவும் தெரியல.