எஃப்டி-60 ரெட் க்யூப்: சென்சார் நல்லது, பொருத்தும் இடம் தப்பினால் கணக்கும் தப்பும்

மைக்ரோலைட் என்ற குட்டி விமானத்தில் ஃப்யூயல் ஃப்ளோ (மணிக்கு எவ்வளவு எரிபொருள் ஓடுகிறது) காட்டி வைக்க நினைப்பவர்கள் அடிக்கடி போய் நிற்பது எலக்ட்ரானிக்ஸ் இன்டர்நேஷனல் நிறுவனத்தின் எஃப்டி-60 சென்சார் முன்னால்தான். சிவப்பு நிறத்தில் கையடக்கமான ஒரு கட்டி என்பதால் ரெட் க்யூப் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். உள்ளே ஒரு குட்டி ரோட்டார். பெட்ரோல் ஓட ஓட அது சுழலும், சுழற்சி பல்ஸாக (மின் துடிப்பாக) மாறி டிஸ்ப்ளேவுக்குப் போகும். ஓர் அமெரிக்க கேலனுக்குச் சுமார் 68,000 பல்ஸ், அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 18,000. மணிக்கு 18 லிட்டர் ஓடினால் நொடிக்கு 90 பல்ஸ். ரோட்டாக்ஸ் 912 எஞ்சினுக்கு இந்த நுணுக்கம் தாராளம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வாங்கலாம். ஆனால் "ரீடிங் தப்பாக வருகிறது" என்ற புகாரில் பெரும்பாலும் க்யூப் குற்றவாளி இல்லை. தன் வழியாகப் போனதை அது ஒழுங்காக எண்ணுகிறது. போனதெல்லாம் எஞ்சினுக்குள் எரிந்ததா என்பது அதற்குத் தெரியாது.

912-இல் பம்புக்குப் பிறகு எரிபொருள் மூன்றாகப் பிரியும்: இரண்டு கார்புரேட்டருக்கு, மூன்றாவது டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைன். ஹோஸில் ஆவி தேங்கி எரிபொருள் ஓட்டம் அடைபடாமலிருக்க (வேப்பர் லாக்) அந்த லைன் வேண்டும், அடைத்துவிடக் கூடாது. அதில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெஸ்ட்ரிக்டரின் துளை வெறும் 0.35 மிமீ. 0.3 பார் அழுத்தத்தில் அதன் வழியே மணிக்குச் சுமார் 2 லிட்டர் திரும்பும் என்று கணக்கு வருகிறது. சென்சாரை இந்தப் பிரிவுக்கு முன்னால் வைத்தால், திரும்பிப் போகும் 2 லிட்டரும் செலவுக் கணக்கில் ஏறிவிடும்.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். ரீடிங் கூடுதலாக இருக்கிறதே என்று கே-ஃபாக்டரை, அதாவது ஓர் அளவு எரிபொருளுக்கு எத்தனை பல்ஸ் என்று டிஸ்ப்ளேவில் பதியும் எண்ணை, மாற்றுகிறார்கள். கே-ஃபாக்டர் விகிதப் பிழைக்கான மருந்து. இதுவோ எல்லா வேகத்திலும் ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கும் பிழை. க்ரூஸில் உண்மை மணிக்கு 18 லிட்டர், காட்டுவது 20 என்று வையுங்கள். க்ரூஸ் சரியாகும்படி காட்டும் எண்ணைப் பத்து சதவீதம் குறைத்தால், டேக்-ஆஃபில் உண்மை 27 இருக்க 26.1 காட்டும். ஐடிலில் உண்மை 3 இருக்க 4.5 காட்டும். ஓரிடத்தில் ஒட்டுப் போட்டு இரண்டு இடத்தில் கிழித்த கதை.

சரியான வழி இரண்டு. பம்ப், ரிட்டர்ன் பிரியும் டி இணைப்பு, அப்புறம் சென்சார், அதன் பின் இரு கார்புரேட்டர்கள் என்று ஹோஸ் வரிசையை மாற்றலாம். எரிபொருள் லைனில் கைவைப்பது என்பதால் விமானத் தயாரிப்பாளரின் ஒப்புதலும் இன்ஸ்பெக்டர் பார்வையும் இல்லாமல் செய்ய வேண்டாம். அல்லது ரிட்டர்னில் இன்னொரு சென்சார் வைத்து, டிஸ்ப்ளே அனுமதித்தால் கழித்துக்கொள்ளலாம். ஃப்யூயல் இன்ஜெக்ஷன் உள்ள 912 ஐஎஸ்-இல் திரும்பும் அளவு மிக அதிகம், அதற்கு இரண்டு சென்சார் கட்டாயம்.

பிழை எங்கே என்று பிரித்தறிய எளிய சோதனை: எஞ்சின் ஆறியபின், வெட்டவெளியில், தீயணைப்பான் பக்கத்தில் இருக்க, கேனை எர்த் செய்து, சென்சாருக்குப் பின்னுள்ள ஹோஸைக் கழற்றி எலக்ட்ரிக் பம்பால் 10 லிட்டரை அளவுப் பாத்திரத்தில் இறக்குங்கள். மொத்த ஓட்டத்தைக் கூட்டிக் காட்டும் டோட்டலைசரும் 10 காட்டினால் க்யூபும் கே-ஃபாக்டரும் சுத்தம். பறக்கும்போது மட்டும் தப்பினால் ரிட்டர்ன், குமிழி, பம்பின் துடிப்பு, ஒயரிங் என்று தேட வேண்டும். பத்து லிட்டரிலேயே வித்தியாசம் தெரிந்தால், பழைய கே-ஃபாக்டரை (காட்டிய அளவு ÷ உண்மை அளவு) ஆல் பெருக்குங்கள். கடைசி நுணுக்கத்துக்கு, சமதரையில் ஒரே குறிவரை நிரப்பி, 30 லிட்டராவது பறந்தபின் மறுபடி நிரப்பிப் பாருங்கள். 5 லிட்டர் மட்டும் எரித்துப் பார்த்தால், நிரப்புவதில் அரை லிட்டர் தடுமாறினாலே பத்து சதவீதம் போய்விடும்.

எண் துள்ளினால் குமிழியைச் சந்தேகியுங்கள். எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் க்யூப் சூடாகிறதா, உறிஞ்சும் பக்கத்து கிளாம்ப் தளர்ந்திருக்கிறதா? ஒயர்கள் மேல்நோக்கி இருக்கும்படி க்யூபை வையுங்கள். நுழைவாயிலுக்கு முன்னே சில அங்குலம் நேர் ஹோஸ் இருக்கட்டும், முழங்கை இணைப்பை ஒட்டினாற்போல் வேண்டாம். டயஃப்ரம் பம்புக்கு மிக அருகில் வைத்தால் ரோட்டார் முன்னும் பின்னும் ஆடி ஒரே துளியை இருமுறை எண்ணும், இடையில் ஹோஸ் நீளம் கொடுத்தால் அடங்கும். கிராங்க்கேஸ் துடிப்பில் ஓடும் பம்ப் கொண்ட ரோட்டாக்ஸ் 582 போன்ற டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். அதற்கு இதைத் தயக்கத்தோடுதான் பரிந்துரைக்க முடியும்.

எஞ்சினும் பம்பும் நிற்கும்போதே எண் காட்டினால் ஒயரிங்தான். ரேடியோவின் பேசும் பட்டனை அழுத்திப் பாருங்கள், எண் எகிறினால் விடை கிடைத்துவிட்டது. ஒயரின் ஷீல்டை (மேலுறை வலையை) ஒரு முனையில் மட்டும் கிரவுண்ட் செய்து, இக்னிஷன் ஒயரிலிருந்து தள்ளிக் கொண்டுபோங்கள்.

ரீடிங் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே வந்தால் ரோட்டாரில் அழுக்கு. ஃபில்டர் சென்சாருக்கு முன்னால் இருக்க வேண்டும். மரைகளில் டெஃப்ளான் டேப் சுற்றவே கூடாது, பிய்ந்த ஓர் இழை போதும் ரோட்டாரைப் பிடிக்க. எரிபொருள் தாங்கும் பேஸ்ட் போடுங்கள், அதுவும் முதல் மரையை விட்டு. சுத்தம் செய்கிறேன் என்று கம்ப்ரெஸ்ஸர் காற்றை ஊதினால் ரோட்டார் அதிவேகத்தில் சுழன்று பேரிங் கெட்டுவிடும், அந்த க்யூபை அப்புறம் நம்ப முடியாது.

குறை என்றால், நெருக்கமான கவுலிங்குக்குள் (எஞ்சின் மூடி) இதன் பருமன் இடைஞ்சல். கால் அங்குல என்பிடி (குழாய் மரை) ஃபிட்டிங் இரண்டு கூடுவதால் கசிவு பார்க்க வேண்டிய இடமும் கூடுகிறது. டேங்குக்கும் சென்சாருக்கும் நடுவே கசிந்தால் டோட்டலைசர் அதைக் காணவே காணாது, மீதி 20 லிட்டர் என்று நிம்மதியாகக் காட்டிக்கொண்டிருக்கும். டேங்கில் எரிபொருள் மட்டத்தைக் கண்ணுக்குக் காட்டும் சைட் ட்யூபைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள்.