கொழும்பில் குதிரை வாங்குவோர் நண்பகலில் போய்ப் பாருங்கள்

திருமண ஊர்வலங்களுக்குச் சாரட்டு வண்டி வாடகைக்கு விடும் தொழிலை நானும் என் மைத்துனரும் வத்தளையில் நடத்தி வருகிறோம். கடந்த வைகாசியில், வயதாகிவிட்ட எங்கள் குதிரைக்குப் பதிலாக இன்னொன்றை வாங்கப் போய், 650,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தோம். விற்றவரின் பெயரை எழுதப் போவதில்லை. அவர் ஏமாற்றிய விதத்தை மட்டும் எழுதுகிறேன்.

நுவரெலியாவில் பந்தயம் ஓடி ஓய்ந்த குதிரை, வயது எட்டு, மிகவும் சாது என்று தொலைபேசியில் சொன்னவர், களனிப் பக்கத்திலுள்ள ஒரு தோட்டத்துக்குக் காலை ஆறரை மணிக்கே வரச் சொன்னார். பிந்தினால் வீதி நெரிசலில் அகப்பட்டுக்கொள்வீர்கள் என்றார். கொழும்பில் வாழ்பவன் அதை எப்படிச் சந்தேகிப்பான்? நாங்கள் போனபோது குதிரையின் உடல் முழுவதும் நனைந்திருந்தது. "இப்போதுதான் ஓட்டிக்கொண்டு வந்தேன் ஐயா, எப்படி வியர்த்திருக்கிறது பாருங்கள்" என்றார். மைத்துனர் சுழி பார்த்தார்; குறை சொல்ல எதுவும் இல்லை. நான் கால்களைத் தூக்கிக் குளம்பையும் லாடத்தையும் பார்த்துவிட்டு, புல்தரையில் இரண்டு சுற்று நடக்க விட்டேன். நன்றாகவே நடந்தது. ஆனால் குதிரை உண்மையாகவே வியர்த்தால், அந்த வியர்வையிலுள்ள ஒருவகைப் புரதத்தினால், கடிவாள வார் உராயும் கழுத்திலும் பின்தொடைகளுக்கு இடையிலும் வெண்ணுரை கட்டும் என்பது எனக்குத் தெரிந்த விடயம்தான். அன்று எங்கும் நுரை இல்லை. அது வாளித் தண்ணீர் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நான்காம் நாள் முற்பகல் பதினொரு மணிக்கு வண்டியில் பூட்டினோம். ஒரு கிலோமீற்றர்கூடப் போகவில்லை. நாசி விரிய மூச்சிரைத்து, நடுவீதியில் நின்றுவிட்டது. கையை வைத்தால் தோல் சுட்டது, ஈரம் மட்டும் இல்லை; பிடரி மயிருக்கு அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு இலேசான கசிவு இருந்தது, அவ்வளவுதான். மிருக வைத்தியர் வந்து வெப்பமானி வைத்தபோது 40.6 பாகை செல்சியஸ் காட்டியது, 38.5ஐத் தாண்டக்கூடாது. ஓய்வில் நிமிடத்துக்கு 8 முதல் 16 தடவை மூச்சுவிடும் பிராணி, நிழலில் கட்டி அரை மணி நேரம் ஆகியும் 90 தடவை இரைத்துக்கொண்டிருந்தது. குளிர்ந்த நீரை ஊற்றி ஊற்றித்தான் காப்பாற்றினோம்.

வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில் சில குதிரைகளுக்கு வியர்வை சுரப்பது நின்றுவிடும். உடற்சூட்டைத் தணிக்கக் குதிரை பெரிதும் வியர்வையையே நம்பியிருப்பதால், 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் குளிரில் வெளியே தெரியாத இக்குறை, கொழும்பின் புழுக்கத்தில் உயிருக்கே ஆபத்தாகிவிடும் என்றும், நிச்சயமான மருந்து இல்லாததால் குளிரான இடத்துக்கு அனுப்புவதே வழி என்றும் வைத்தியர் விளக்கினார். பல்லையும் பார்த்தார். மேல்வரிசை ஓர வெட்டுப்பல்லில் ஏறத்தாழப் பத்து வயதில் தோன்றும் பள்ளக்கோடு பாதிப் பல் வரை இறங்கியிருந்தது. ஆகவே வயது பதினைந்தை ஒட்டியிருக்கும் என்றார். வயதுப் பொய்யை நான் பொறுத்திருப்பேன், அது இந்த வியாபாரத்தில் எல்லோரும் சொல்வது.

விற்றவருக்கு நோய் தெரியாதிருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு லாடம் அடிக்க வந்தவர் குதிரையைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, "தம்பி, மாசி மாதம் நீர்கொழும்பில் இதற்கு நான்தான் லாடம் அடித்தேன், வியர்க்கவில்லை என்று திருப்பி அனுப்பினார்களே" என்றார்.

பணத்தைக் கேட்டுப் போனபோது, நான் கொடுத்தது வேறு குதிரை என்று விற்றவர் சாதித்தார். பற்றுச்சீட்டில் "செந்நிறக் குதிரை ஒன்று" என்று மட்டுமே இருந்தது. அடையாளங்களோ மைக்ரோசிப் இலக்கமோ எழுதப்படவில்லை, எழுதும்படி நாங்களும் கேட்கவில்லை. இறுதியில் 250,000 ரூபாய் தந்து குதிரையைத் திரும்ப ஏற்றிச் சென்றார். ஆகவே அது மறுபடியும் விலைக்கு வரும்: செந்நிறம், நெற்றியில் சாய்ந்த வெள்ளைப் புள்ளி, இடது பின்காலில் கணுவரை வெள்ளை, கண்களைச் சுற்றி மயிர் உதிர்ந்த தோல்.