தனியாகவா, பல்கலைக்கழக வளாகத்தோடு சேர்ந்தா? ஆய்வு மானியம் தேடும் ஆசிரியருக்கு

வகுப்பறைக்குள் வந்த டப் கணினிகளும் ஸ்மார்ட் போர்டும் பிள்ளைகளின் கற்றலை உண்மையில் மாற்றுகின்றனவா? இதை ஆராய விரும்பும் திருகோணமலை ஆசிரியருக்கு இரண்டு வழி உண்டு.

ஒன்று, தன் வகுப்பிலேயே செய்யும் செயல்நிலை ஆய்வு. ஒரு தவணை, ஒரு பாட அலகு, முன்சோதனை, பின்சோதனை. போட்டோக்கொப்பிக்கும் டேட்டாவுக்கும் கொஞ்சக் காசு போதும். வீட்டில் ஒரே போனை மூன்று பிள்ளைகள் பங்கிட்டு, கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான ஈ-தக்சலாவ பார்க்கிறார்கள் என்பது வகுப்பாசிரியருக்குத்தான் தெரியும். அது எந்த வினாக்கொத்திலும் வராது. ஆனால் படிப்பித்தவரே மதிப்பிடுகிறார், ஒப்பிட வேறு வகுப்பும் இல்லை. முடிவைப் பக்கத்து ஊர்களான மூதூருக்கோ கிண்ணியாவுக்கோ பொருத்திச் சொல்ல முடியாது.

மற்றது பெரிய மானியம். அமெரிக்காவின் ஸ்பென்சர் பவுண்டேசன் கல்வி ஆய்வுக்குத் தரும் சிறு மானியமே 50,000 டொலர் வரை போகும். அது தனியாள் கையில் கிடைக்காது. ஒரு நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். முதன்மை ஆய்வாளருக்குக் கலாநிதிப் பட்டமோ, தகுந்த ஆய்வு அனுபவமோ தேவை. ஆகவே கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகம் போன்ற ஒன்றின் துணை வேண்டும். பல பாடசாலைகளை ஒப்பிடலாம், புள்ளிவிபரம் தெரிந்தவர் பக்கத்தில் இருப்பார். ஆனால் பிள்ளைகளை வைத்து ஆய்வு செய்வதற்கான நெறிமுறை அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். ஆசிரியர் வெறும் தரவு சேகரிப்பவராகச் சுருங்கிப்போகும் ஆபத்தும் உண்டு. இணை ஆய்வாளராகப் பெயர் இருக்கிறதா என்று கையெழுத்திட முன்னமே கேளுங்கள்.

நான் முதல் வழியில் தொடங்கச் சொல்வேன். ஒரு தவணைத் தரவோடு போகும் ஆசிரியரை வளாகத்தில் எவரும் வெறுங்கையோடு வந்தவராகப் பார்க்கமாட்டார்கள்.