அம்மாவின் ஒற்றைக்கல் மோதிரத்தைப் "பெரிசாக்கித் தர்றோம்" என்றார்கள்

வைர மோதிரத்தை மாற்றிச் செய்யக் கொடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரை எழுதவில்லை. மதுரையில் இருக்கும் ஒரு பெரிய நகைக்கடை, அவ்வளவுதான். எனக்கு நடந்தது வேறு எந்தக் கடையிலும் நடக்கலாம்.

மோதிரம் என் அம்மாவுடையது. 1986-இல் வாங்கியது, 22 கேரட் தங்கம், நடுவில் 25 சென்ட் ஒற்றைக்கல். வைரத்தின் எடையில் நூறு சென்ட் சேர்ந்தால்தான் ஒரு கேரட், அதனால் இது சின்னக் கல்தான். குறுக்கே அளந்தால் நான்கு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். அம்மா அதைக் கழற்றியதே இல்லை. மாவு பிசைவதும் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவதும் அந்தக் கையால்தான். அம்மா போன பிறகு பீரோவில் இருந்ததைப் போன கார்த்திகையில் வெளியே எடுத்தேன். தையில் மகளுக்கு நிச்சயதார்த்தம். பாட்டி மோதிரத்தை அவள் விரலில் போட வேண்டும் என்று ஆசை. எடுத்துப் பார்த்தால் கல் மங்கிப்போய், பால் படிந்த கண்ணாடி மாதிரி இருந்தது.

கடையில் அதை வாங்கிப் பார்த்த விற்பனையாளர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "ரொம்பப் பழைய மாடல்க்கா. வயசானா வைரமும் டல்லாயிரும். சுத்திச் சின்ன டைமண்ட் வச்சு, நடுக்கல்லுக்கு அடியில பிளேட் கொடுத்துட்டா ஒரு கேரட் மாதிரி தெரியும். சம்பந்தி வீட்ல அசந்துருவாங்க."

சம்பந்தி வீடு என்றதும் நான் விழுந்துவிட்டேன். பழைய தங்கத்தைக் கழித்துக்கொண்டு, 18 கேரட் வெள்ளைத் தங்கம், செய்கூலி, சேதாரம், கல் விலை எல்லாம் சேர்த்து 41,000 ரூபாய் கட்டினேன். பத்து நாளில் மோதிரம் வந்தது. கடை விளக்கில் அது அடித்த அடியில் எனக்கே பெருமையாக இருந்தது. நிச்சயத்தன்று எல்லோரும் விரலைப் பிடித்துப் பார்த்தார்கள்.

ஆடி மாதம் மகள் வந்தபோது விரலைக் காட்டினாள். நடுக்கல்லைச் சுற்றி ஒரு மஞ்சள் வளையம். ஓரக் கற்களில் இரண்டு பொலிவே இல்லாமல் வெறும் கண்ணாடிச் சில்லு போல இருந்தன. கடைக்குக் கொண்டுபோனால் "பாலிஷ் போட்டுத் தர்றோம், ஆயிரத்து ஐநூறு ஆகும்" என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. தெற்காவணி மூல வீதிப் பக்கம் ஒரு சந்தில், அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வேலை செய்யும் ஆசாரியிடம் போனேன்.

அவர் மோதிரத்தைத் திருப்பி முதலில் பின்பக்கத்தைப் பார்த்தார். அப்புறம் கண்ணில் லென்ஸை வைத்துக்கொண்டு, என்னையும் பார்க்கச் சொன்னார். நடுக்கல்லைச் சுற்றி ஒரு வெள்ளைத் தகடு. அந்தத் தகட்டிலேயே வைரத்தின் பட்டைகள் போலக் கோடு கோடாகச் செதுக்கியிருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் தகடு எங்கே முடிகிறது, கல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. நான் பெரிய வைரம் என்று நினைத்ததில் பாதி, பளபளப்பேற்றிய தகடு.

"இதுக்கு மிராக்கிள் பிளேட்னு பேரும்மா. வேலைப்பாடு தப்பில்ல. ஆனா சொல்லிச் செய்யணும்" என்றார்.

வெள்ளைத் தங்கம் தன்னியல்பில் அவ்வளவு வெள்ளை இல்லை என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். மேலே ரோடியம் என்ற உலோகத்தை மெல்லிசாக முலாம் பூசித்தான் அந்தக் கண்ணைப் பறிக்கும் வெண்மையைக் கொண்டுவருகிறார்கள். தினமும் விரலில் கிடக்கும் மோதிரத்தில் அது தேயத்தான் செய்யும். தேய்ந்தால் உள்ளே இருக்கும் மஞ்சள் தெரியும். திரும்பத் திரும்ப முலாம் போட வேண்டிவரும் என்று கடையில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்தது ஓரக் கற்கள். ஆசாரி பேனா மாதிரி ஒரு டெஸ்டரை எடுத்தார். வைரம் சூட்டை வெகு வேகமாகக் கடத்தும், அதை வைத்துத்தான் அந்தக் கருவி கண்டுபிடிக்கும். நடுக்கல்லில் வைத்தார், பீப் என்றது. ஓரக் கற்களில் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனார். பதினாறு கல், ஒன்றிலும் சத்தம் வரவில்லை. எல்லாம் அமெரிக்கன் டைமண்ட், அதாவது க்யூபிக் ஜிர்கோனியா. பில்லை எடுத்துப் பார்த்தேன். "வெள்ளைக் கல் - 16" என்று அச்சடித்திருந்தது. வாயில் சொன்னது சின்ன டைமண்ட், எழுதியது வெள்ளைக் கல். விலை மட்டும் வைரத்தின் விலை, 14,000 ரூபாய். நான் பில்லில் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

நடுக்கல்லையும் மாற்றியிருப்பார்களோ என்று எனக்குக் கை நடுங்கியது. அம்மாவின் கல்லில் ஓரமாக ஒரு இறகு போன்ற கோடு உண்டு. சின்ன வயதில் எனக்கு வெயிலில் காட்டியிருக்கிறார். லென்ஸில் அந்தக் கோட்டைத் தேடிக் கண்டுபிடித்தபோது அழுதுவிட்டேன். கல் அம்மாவுடையதுதான்.

இதையெல்லாம்விட எனக்கு வலித்தது அப்புறம் நடந்தது. ஆசாரி கல்லைக் கழற்றி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய பிரஷால் அடிப்பக்கத்தைத் தேய்த்துத் துணியில் ஒற்றி என் உள்ளங்கையில் வைத்தார். வாசலில் வெயில் நேராகப் படாத இடத்தில் நின்று பார்த்தேன். தகடு இல்லை, சுற்றிக் கற்கள் இல்லை, அப்படி ஒளி விட்டது. மோதிரத்தைக் கொடுத்த அன்றைக்கே இதைச் செய்திருந்தால் போதும். கல்லுக்கு வயதாகவில்லை, அடியில் எண்ணெய் ஏறியிருந்தது.

வைரத்துக்கு எண்ணெயை இழுத்துப் பிடிக்கும் குணம் உண்டு. மேலே விழும் வெளிச்சம் உள்ளே போய், அடிப்பட்டைகளில் பட்டுத் திரும்பி மேலே வருவதுதான் ஜொலிப்பு. அடிப்பட்டைக்கு வெளியே காற்று இருந்தால் வெளிச்சத்தில் பெரும்பங்கு திரும்பிவிடும். எண்ணெய்ப் படலம் ஒட்டியிருந்தால் அதில் ஒரு பங்கு அந்த வழியாகக் கீழே ஒழுகிப்போகும், கல் செத்த மாதிரி தெரியும். நகைக்கடைக்காரர்களுக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்தும் "வயசானா டல்லாயிரும்" என்றார்கள்.

அதனால் கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே கழுவிப் பாருங்கள். கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு, இருபது நிமிடம், குழந்தைகளின் டூத் பிரஷ். சிங்க்கில் வைத்துச் செய்யாதீர்கள், கல் கழன்றால் போய்விடும். கல்லின் பின்பக்கம் மூடியபடி பதித்த பழைய தோடு, மூக்குத்திகளை மட்டும் ஊறவைக்க வேண்டாம். அவற்றில் கல்லுக்கு அடியில் மின்னுவதற்காகத் தகடு வைத்திருப்பார்கள், தண்ணீர் புகுந்தால் கறுத்துவிடும். முத்து, மரகதம் பதித்தவற்றுக்கும் இந்த முறை ஆகாது.

மாற்றிச் செய்யத்தான் போகிறீர்கள் என்றால், ஒவ்வொரு கல்லும் என்ன கல், எத்தனை சென்ட் என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். "ஒரு கேரட் மாதிரி" என்ற பேச்சுக்கு ஒரு மதிப்பும் இல்லை. ஒற்றைக்கல் என்று ஏழெட்டுப் பொடிக்கல்லை நெருக்கி ஒட்டி வைத்துக் கொடுப்பதும் உண்டு, மொத்த எடையை மட்டும் சொல்வார்கள். கல்லைக் கொடுக்கும் முன் எடை போட்டு, லென்ஸில் தெரியும் குறையோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்கவில்லை, அந்த இறகுக் கோடு மட்டும் இல்லாவிட்டால் இன்றைக்கும் சந்தேகத்தில்தான் இருப்பேன். கடையில் தலைக்கு மேல் குத்தி அடிக்கும் விளக்குகளை நம்பாமல் வாசல் நிழலுக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஹால்மார்க் இருக்கிறதே என்று என் நாத்தனார் கேட்டார். இருக்கிறது, ஆறு எழுத்து எண்ணும் இருக்கிறது. அது தங்கத்தின் சுத்தத்துக்குத்தான், கல்லுக்கு இல்லை.

பில்லையும் ஆசாரி சொன்னதையும் வைத்துக் கடையில் கேட்டேன். முதலில் "நீங்க பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டீங்க" என்றார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்த பிறகு மேலாளரே கூப்பிட்டு, ஓரக் கற்களுக்கான 14,000-ஐத் திருப்பித் தருவதாகச் சொன்னார். செய்கூலி, சேதாரம் தர முடியாதாம். கட்டிய பணம் ஐந்து லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மனு எழுதி முடித்துவிட்டேன், திங்கட்கிழமை கொடுக்கிறேன். ஆசாரி அம்மாவின் கல்லைப் பழையபடி மஞ்சள் தங்கத்தில், பின்பக்கம் திறந்தபடி பதித்துத் தந்திருக்கிறார். மகள் விரலில் இருக்கிறது, அதே 25 சென்ட்.