ஹாஸ்டல் நெட் நகரவில்லையா? லேன் ஒயர், மொபைல் ஹாட்ஸ்பாட், ராத்திரி டவுன்லோடு

இந்த மூன்றில் எது தேவலை என்பது கோளாறு எங்கே என்பதைப் பொறுத்தது. காலை ஆறு மணிக்கும் இரவு பத்து மணிக்கும் ஸ்பீடு டெஸ்ட் ஓட்டுங்கள். இரண்டு வேளையும் 4 எம்பிபிஎஸ்ஸில் கோடு கிழித்த மாதிரி நின்றால், ஆளுக்கு இவ்வளவுதான் என்று கல்லூரியின் ஃபயர்வாலில் (நெட் போக்குவரத்தைக் கண்காணிக்கும் பெட்டி) வேகத்துக்குக் கட்டுப் போட்டிருக்கிறார்கள். காலையில் 30, இரவில் 1 என்று ஆடினால் நெரிசல். அப்போது விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்டில் ஐபிகான்ஃபிக் என்ற கட்டளை காட்டும் டீஃபால்ட் கேட்வேக்கு (உங்கள் நெட் வெளியே போகும் முதல் வாசல்) பிங் கொடுங்கள்; பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அது காட்டும். 3, 5 மில்லிசெகண்டில் சீராகப் பதில் வந்தால் பெரும்பாலும் கல்லூரியின் வெளி லைன் நிரம்பியிருக்கிறது. 200, 400 என்று தாவினால் வைஃபைதான் குற்றவாளி.

வைஃபைதான் என்றால் லேன் ஒயருக்கு நிகர் இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். மாடி முழுக்க ஆளாளுக்கு ஹாட்ஸ்பாட் போட்டால் எதுவும் நகராது. சுவரில் போர்ட் இருந்தால் ஒரு கேட்-5இ ரக லேன் ஒயர் போதும். லிங்க் ஸ்பீடு 1000க்குப் பதில் 100 என்று காட்டினால் பழைய நெட்வொர்க் ஸ்விட்ச்சாக (அறைகளின் லேன் ஒயர்களை இணைக்கும் பெட்டி) இருக்கலாம், அல்லது உள்ளே நான்கு ஜோடிக் கம்பிகளில் ஒன்று அறுந்திருக்கலாம். 4 எம்பிபிஎஸ் கட்டுக்கு அதுவே தாராளம். சொந்த ரூட்டரை மட்டும் யோசித்து மாட்டுங்கள்: சுவர் ஒயரை அதன் லேன் போர்ட்டில் செருகிவிட்டால், அது பக்கத்து அறைகளுக்கும் ஐபி முகவரி கொடுக்கத் தொடங்கி மாடியையே முடக்கிவிடும்.

வேகக் கட்டுதான் காரணம் என்றால் ஒயர் மாற்றிப் பயனில்லை. நெட்டை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றிவிடும் விபிஎன்னும் அப்படியே: வேகக் கணக்கு உங்கள் லாகின் பெயரில்தான் ஓடுகிறது, கூடவே லாகின் முடங்கும் அபாயம் வேறு. தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸை மாற்றினால் பெயர் தேடும் நேரம் கொஞ்சம் குறையலாம், கோப்பு இறங்கும் வேகம் கூடாது.

அங்கேதான் ஹாட்ஸ்பாட் கைகொடுக்கும். ஆனால் தினம் 1.5 ஜிபி பிளானில், விண்டோஸ் அப்டேட் ஒன்றே அதை விழுங்கிவிடும்; இணைத்த கையோடு விண்டோஸ் பின்னணியில் டேட்டா செலவழிப்பதைக் குறைக்கும் மீட்டர்டு கனெக்‌ஷனை ஆன் செய்யுங்கள். வைஃபையாகப் பரப்புவதைவிட யூஎஸ்பி டெதரிங் (போனின் நெட்டை ஒயர் வழியே லேப்டாப்புக்குத் தருவது) மேல்: நெரிசலில் சேராது, போனுக்குச் சார்ஜும் ஏறும். டெதரிங் பட்டன் மங்கலாகவே இருந்தால் ஒயரை மாற்றிப் பாருங்கள். சார்ஜுக்கு மட்டுமான ஒயர்களில் டேட்டா கம்பியே கிடையாது.

பெரிய கோப்புக்கு ஹாட்ஸ்பாட் கட்டுப்படியாகாது, ராத்திரிதான் வழி. 4 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 4 மெகாபிட்; எட்டு பிட் ஒரு பைட் என்பதால் நொடிக்கு அரை எம்பி. 6 ஜிபி ஐஎஸ்ஓ (ஒரு முழு டிஸ்கின் நகலான கோப்பு) இறங்க மூன்றரை மணி நேரம் வையுங்கள். மூடியைச் சாத்தினால் லேப்டாப் தூங்காதபடி பவர் செட்டிங்கை மாற்றுங்கள். பிரவுசரை நம்பாமல் ஏரியா2 அல்லது டபிள்யூகெட் என்ற டவுன்லோடு நிரலைப் போடுங்கள். நடுவில் அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். காலையில் ஐஎஸ்ஓ வெறும் 20 கேபியில் இருந்தால் அதைத் திறந்து பாருங்கள்: லாகின் காலாவதியாகி, கல்லூரியின் லாகின் பக்கம்தான் அந்தப் பெயரில் இறங்கியிருக்கும்.